இடது காலின் பழைய வேலை

நான்கு எலுமிச்சைகளில் மூன்றைத்தான் நசுக்க முடிந்தது. நான்காவது எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. கார் பாய்ந்த வேகத்தில் அது பக்கத்து ஊரான பந்திங் வரைக்கும் பறந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. கிள்ளானில், எங்கள் வீட்டுப் போர்ச்சில், எங்களுடைய வெள்ளை மைவி பூசைக்குத் தயாராக நின்றது. கார் பழையது. உள்ளே பூட்டியிருந்த ஒரு பெடல்தான் புதியது. அந்த ஒரு பெடலுக்காகத்தான் டயருக்கு அடியில் எலுமிச்சை, பானெட்டில் சந்தனப் பொட்டு, கண்ணாடியில் மல்லிகைச் சரம் எல்லாம். ஓட்டுபவர் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். பெயர் சிவநேசன், வயது ஐம்பத்து மூன்று, வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பக்கத்து இருக்கையில் என் மனைவி சந்திரகலா, மடியில் பூசைத் தட்டோடு.

புது ஏற்பாட்டோடு ஓட்ட நான் இன்னும் டெஸ்ட் எடுத்திருக்கவில்லை. எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள் ஒரு சுற்றுதானே என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

"மெதுவா," என்றாள் கலா.

"நான் யாரு?" என்றேன்.

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. காரை நகர்த்தினேன். முன்சக்கரங்களுக்குக் கீழே இரண்டு எலுமிச்சைகள் ஒழுங்காகத்தான் நசுங்கின. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் ரொட்டிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்தார். நான் பிரேக்கை மிதித்தேன். இருபத்து நான்கு வருடங்களாக மிதித்த அதே காலால், அதே உறுதியோடு, கடைசிவரை மிதித்தேன்.

கார் பாய்ந்தது. பாதி திறந்திருந்த கேட்டின் ஒரு கதவைப் பிடுங்கி எறிந்து, ரொட்டிக்காரருக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் தெருவைக் கடந்து, எதிர்வீட்டு லொங்காங்குக்குள் முன்சக்கரம் இரண்டையும் இறக்கிவிட்டுத்தான் நின்றது. சாக்கடைத் தண்ணீர் கண்ணாடிவரை தெறித்தது. பக்கத்தில் திரும்பினால், கலாவின் முகம், கழுத்து, சேலை எல்லாம் ஒரே சிவப்பு.

எதிர்வீட்டு மேடம் லிம் ஓடி வந்து எட்டிப் பார்த்து, "டாரா! டாரா!" என்று மலாயில் அலறினார். இரத்தம் என்று கேட்டதும் தெருவே கூடிவிட்டது. யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள்.

கலா கன்னத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். "குங்குமம் ஆன்டி," என்றாள். "குங்குமம் ஒன்லி."

ரொட்டிக்காரர் மோட்டாரை ஓரம் கட்டிவிட்டு வந்து குனிந்தார். அவர் கண் லொங்காங்கில் கிடந்த காரை அளந்துகொண்டிருந்தது. ஆனால் வாய், தொழில் பழக்கத்தில், "அண்ணே, ரொட்டி வேணுமா?" என்றது.

நான் யார் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்து நான்கு வருடங்கள் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவன். இந்த ஊர் ரோட்டில் உங்களுக்கு முன்னால் சிக்னல் போடாமல் திரும்புகிறவர்களில் பாதிப் பேர் என் மாணவர்கள்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்து, நான்கு பேர் காரைத் தூக்கி வெளியே வைத்த பிறகு, கலாவிடம் கேட்டேன். "பயந்துட்டியா?"

"இட்டிலி ஆறுது. வந்து பசியாறுங்க," என்றாள்.

காலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை இருந்தது, காலைக் கடித்த புதுச் சப்பாத்து இருந்தது, கொப்புளம் இருந்தது, "அதெல்லாம் தானா போயிடும்" என்று சொல்ல நானும் இருந்தேன். போனது கொப்புளம் அல்ல. செயற்கைக் கால் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நடக்க நல்ல கால். ஆனால் பெடல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, மிதித்தாலும் எவ்வளவு மிதித்தோம் என்று தெரியாது. அதனால்தான் சாலாக் செலாத்தானில் பட்டறை வைத்திருக்கும் அப்துல் ரஹீமிடம் போனோம். தொண்டிக்காரர். உடல் ஊனமுற்றவர்களுக்காகக் காரை மாற்றிக் கொடுப்பதில் பெயர் எடுத்தவர்.

ரஹீம் என்னை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்குக் கையில லீவர் போட்டுடறேன். முன்னாடி தள்ளுனா பிரேக்கு, பின்னாடி இழுத்தா எண்ணெய்," என்றார்.

"எனக்கு ஒரு கால் பாக்கி இருக்கு தம்பி."

"அதுக்கில்லண்ணே..."

"இடது காலுக்கு ஒரு பெடல் போடு. போதும்."

பிரேக்குக்கு இடப்பக்கத்தில் ஒரு எண்ணெய்ப் பெடல், அதாவது ஆக்ஸிலரேட்டர், வைப்பார்கள். இடது காலாலேயே இரண்டையும் மிதிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உண்மையைச் சொன்னால் அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. லீவர் என்பது ஊருக்கே தெரியும். ஸ்டியரிங் பக்கத்தில் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார்காரன் எட்டிப் பார்ப்பான். அவன் என்னிடம் படித்தவனாக இருந்தால் வணக்கம் வேறு சொல்வான்.

"சரியா வருமா?" என்று ரஹீமிடம் கேட்டேன்.

"இன்ஷா அல்லாஹ்," என்றார்.

நல்ல பதில்தான். ஆனால் ஆமாவா இல்லையா என்று அதில் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் யாரிடம் கேட்டாலும் இப்படித்தான். டாக்டரிடம் கேட்டால், "நீங்க ரொம்ப பாசிட்டிவ்வா இருக்கீங்க, குட்," என்றார். ஸ்கூல் முதலாளியைக் கேட்டால், "மொதல்ல ஒடம்பப் பாரு நேசா, கவுண்டர்ல ஒக்காந்து பாரத்த நிரப்பு," என்றார். குறை சொல்ல எனக்கும் வாய் கிடையாது. இருபத்து நான்கு வருடம், "அங்கிள், நான் டெஸ்ட்டுக்கு ரெடியா?" என்று கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும், "என்னைக் கேக்காத, காரைக் கேளு," என்று சொல்லி அனுப்பியவன் நான். காரைக் கேட்டேன். அது லொங்காங்கில் இறங்கிப் பதில் சொன்னது.

ஏன் பாய்ந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இன்ஸ்ட்ரக்டரின் காரில், இடது இருக்கைக்கு முன்னால், எங்களுக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். மாணவன் சொதப்பும்போது நாங்கள் மிதிப்பதற்கு. மற்ற இன்ஸ்ட்ரக்டர்கள் எந்தக் காலால் மிதிப்பார்களோ, நான் வலது காலை மடக்கிச் சௌகரியமாக வைத்துக்கொண்டு இடது காலால்தான் மிதிப்பேன். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை. வருடக்கணக்கு போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஆக, உலகத்தில் ஆபத்து என்று எதைக் கண்டாலும், எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் இடது காலுக்குத் தெரிந்துவிடும். அது அடித்து மிதிக்கும். அந்த இடத்தில் பிரேக் இருந்தவரை அது நல்ல கால். ரஹீம் பாய் அந்த இடத்தில் எண்ணெய்ப் பெடலை வைத்துவிட்டார், நான் சொன்னதால்.

மற்றவர்களுக்கு இடது கால் பாடம் படிக்காத கால். ஒரு மாதத்தில் பழகிவிடும். என் கால் தப்பான பாடத்தில் பட்டம் வாங்கிய கால்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. முன்பெல்லாம் ஆறரைக்கு நான் கலாவைக் கிள்ளான் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவேன். அவள் கம்யூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு நடப்பாள். பிளவுஸ் தைப்பதில் கெட்டிக்காரி. என் கால் போன பிறகு எட்டு மாதங்களாக வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போகிறாள். இருபத்தைந்து நிமிடம், இருட்டில், மழை என்றால் மழையில். பெடல் போட்டதே இதற்காகத்தான். திங்கட்கிழமை முதல் நானே விடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவள் குடையை எடுத்தாள்.

"டெஸ்ட் முடிச்சதும் நான் விடறேன் கலா. வருவல்ல?"

"நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க. டாக்டரே சொல்றாங்க."

"நான் அதக் கேக்கல."

"பிளாஸ்க்ல கோப்பி இருக்கு. சீனி போடல."

கதவு சாத்திக்கொண்டது. ஒற்றைக் கதவுள்ள கேட்டைத் தாண்டி அவள் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்போதுதான் முடிவு செய்தேன். அவளை என் காரில் உட்கார வைக்காமல் விடுவதில்லை. கையைப் பிடித்து இழுத்து அல்ல. அவளாகக் கதவைத் திறந்து ஏற வேண்டும்.

காலுக்குப் பாடம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தொடங்கியது. இரண்டு ரப்பர் சிலிப்பர்களை வைத்துக்கொண்டேன். இடப்பக்கம் இருப்பது எண்ணெய், வலப்பக்கம் இருப்பது பிரேக். நான் இடது சிலிப்பரை மெல்ல மிதித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். கலா திடீரென்று எதையாவது கத்துவாள். உடனே கால் வலது சிலிப்பருக்குத் தாவ வேண்டும். ஏறமாட்டேன் என்பவள் இதற்கு மட்டும் எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"மாடு!"

தாவினேன்.

"ரசம் ஊத்தவா?"

"ஊத்து."

"லோரி!"

ரசம் மேசையெல்லாம் ஓடியது. சிலிப்பர் சரியாகத்தான் மிதிபட்டது.

"என்னா அங்க சத்தம்?" என்று மேடம் லிம் எதிர்வீட்டிலிருந்து மலாயில் கேட்டார். "மாமா மாக்கான்," என்றாள் கலா. மாமா சாப்பிடுகிறாராம். ஒரு மாதத்தில் அந்தத் தெருவில் நான் சாப்பிடும் நேரம் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

வீட்டில் நூற்றுக்கு நூறு வந்ததும் ஷாமினியைத் தேடிப் போனேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மறுவாழ்வு மையத்தில், என் மாதிரி ஆட்கள் மறுபடியும் கார் ஓட்ட முடியுமா என்று சோதித்துப் பழக்குவது அவள் வேலை. அவளும் என் பழைய மாணவி. டெஸ்ட் திடலில் 'மலை' என்று நாங்கள் சொல்லும் மேட்டில் ஏறும்போது மூன்று முறை பின்னால் உருண்டு பெயில் ஆனவள். அந்தக் காலத்தில் அவளுக்கு நான் 'ரிவர்ஸ் ராணி' என்று பெயர் வைத்திருந்தேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"வாங்க அங்கிள். உள்ள வாங்க. இந்த வாட்டி நான் வாத்தியார், ஓகேவா?"

"ஓகேலா. பழி வாங்காத."

"கொஞ்சமா வாங்கிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் ஒரு கார் நிறுத்தும் திடலுக்கு அழைத்துப் போனாள். அவள் காரில் என் காரைப் போலவே இடது காலுக்கு ஒரு எண்ணெய்ப் பெடலும், இடப்பக்க இருக்கைக்கு முன்னால் ஒரு பிரேக்கும் இருந்தன. என் பழைய இடத்தில் அவள் உட்கார்ந்தாள். கழுத்தில் ஒரு விசில். விசில் அடித்தால் நான் உடனே நிறுத்த வேண்டும். நாற்பது விசில். கையில் ஒரு காகிதம், ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு குறி.

முதல் ஞாயிறு நாற்பதில் மூன்று தடவை கார் பாய்ந்தது. மூன்று முறையும் அவள் பிரேக்தான் நிறுத்தியது. அடுத்த ஞாயிறு இரண்டு. அதற்கடுத்த ஞாயிறு மூன்று. வீட்டில் கலா கத்தும்போது சாம்பாருக்கு ஆபத்தே தவிர எனக்கு ஆபத்தில்லை என்று காலுக்குத் தெரிந்திருக்கிறது. ரோட்டில் அதை ஏமாற்ற முடியவில்லை. நான்காவது ஞாயிறு முப்பத்தொன்பது விசில்வரை ஒரு தப்பும் இல்லை. எனக்கே கர்வம் வந்துவிட்டது. அந்த நேரம் ஒரு பூனை குறுக்கே ஓடியது. விசில்கூடத் தேவைப்படவில்லை. கால் தன் பழைய வேலையைச் செய்துவிட்டது. கார் கத்திக்கொண்டு பாய, ஷாமினி அவள் பக்கத்து பிரேக்கை மிதிக்க, பூனை சுவரேறி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

ஷாமினி காகிதத்தில் ஒரு குறி போட்டாள்.

"ஷாமினி, உண்மையச் சொல்லு. இந்தக் கால் திருந்துமா திருந்தாதா?"

"பாக்கலாம் அங்கிள்."

"ஏய், அது என் பதில். என்கிட்டயே விக்கறியா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அந்தக் காகிதத்தை என் மடியில் வைத்தாள். "நீங்க சொல்லுங்க. ஒரு ஸ்டூடன்ட் நாலு வாரமா இப்படி மார்க் வாங்கறாரு. நாப்பதுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு. பாக்கி எல்லாம் சூப்பர். டெஸ்ட்டுக்கு அனுப்புவீங்களா?"

காகிதத்தைப் பார்த்தேன். அந்த ஒன்று, ரொட்டிக்காரரின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போன ஒன்று. கலாவிடமிருந்து பழகிக்கொண்ட வழக்கப்படி, "பசிக்குது, வா தோசை சாப்பிடலாம்," என்றேன்.

மறுநாளே சாலாக் செலாத்தானுக்குப் போனேன். ரஹீம் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்த இரண்டு கால்களையும் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே சொன்னேன். "தம்பி, பெடலைக் கழட்டு. கையில போடு."

கால்கள் வெளியே வந்தன. பின்னாலேயே ரஹீமும் வந்தார். எண்ணெய் படிந்த முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. "மொதநாளே சொன்னேன்ல? கேட்டீங்களா? ஒரு கால் பாக்கி இருக்குன்னீங்க."

"பாக்கி இருக்கு. அதுதான் பிரச்சினை."

கையில் லீவர் வந்தது. வலது கையில் லீவர், இடது கையில் ஸ்டியரிங்கைச் சுழற்ற ஒரு குமிழ். சிக்னல் போடவும் ஹாரன் அடிக்கவும் அந்தக் குமிழிலேயே பொத்தான்கள். ஐம்பத்து மூன்று வயதில், நாலாயிரம் பேருக்குப் பழகுநருக்கான எல் எழுத்தை ஒட்டிக் கொடுத்தவன், பின்கண்ணாடியில் தனக்கே ஒரு எல் ஒட்டிக்கொண்டேன்.

முதல் நாள் திடலை விட்டு வெளியே போகவில்லை. வலப்பக்கம் திரும்ப நினைத்தால் ஹாரன் அடித்தது. ஹாரன் அடிக்க நினைத்தால் வைப்பர் ஓடியது, அது எப்படி என்று ரஹீமுக்கே புரியவில்லை. இழுப்பதா தள்ளுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கார் தானாகவே நின்று என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. மூன்றாவது நாள் தோள்பட்டை வீங்கிவிட்டது. கலா தைலம் தேய்த்தாள். தேய்க்கும்போது "விட்டுடுங்களேன்" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நாளைக்கும் உண்டா?" என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றேன். சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. விசில் கேட்டதும் இடது கால்தான் முதலில் பாயும். அங்கே இப்போது பெடல் இல்லை, வெறும் தரை. தொம் என்று தரையை மிதிக்கும். மிதித்ததோடு வேலை முடிந்தது என்று உடம்பு முழுவதும் நிம்மதியாகிவிடும். கை லீவரைப் பிடித்தபடி வேடிக்கை பார்க்கும். கார் போய்க்கொண்டே இருக்கும்.

"இந்தக் காலக் கட்டிப் போடப்போறேன்," என்றேன். நிஜமாகவே ஒரு துண்டை எடுத்து வந்திருந்தேன்.

ஷாமினி துண்டைப் பிடுங்கிப் பின்சீட்டில் போட்டாள். "வேணாம் அங்கிள். அது மிதிக்கட்டும். நல்லா மிதிக்கட்டும். அதுக்கு அங்க ஒண்ணும் இல்லல்ல? நீங்க கைய மட்டும் அதுகூடவே அனுப்புங்க. கால் தொம்முன்னு சொன்னா கை தள்ளணும். காலத் திருத்த வேணாம், கைய அதுக்கு கூட்டாளியாக்குங்க."

இருபத்து நான்கு வருடத்தில் நான் ஒரு மாணவனுக்கும் இவ்வளவு நல்ல பாடம் சொன்னதில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. தலைக்கு ஏறிவிடும். 'பரவால்ல, சுமார்' என்று சொன்னேன்.

தொம், தள்ளு. தொம், தள்ளு. சாப்பாட்டு மேசையில் சிலிப்பர் போய் மத்து வந்தது. கலா "மாடு" என்று கத்தினால் இடது கால் தரையை உதைக்கும், வலது கை மத்தை முன்னால் தள்ளும். தயிர்ப் பானை இரண்டு உடைந்தது. மேடம் லிம் இப்போதெல்லாம் கேட்பதில்லை, சிரிப்பதோடு சரி. நாற்பதில் ஐந்து என்று தொடங்கியது இரண்டானது, ஒன்றானது, பூச்சியமானது. ஷாமினி நம்பவில்லை. நாற்பதை எண்பதாக்கினாள். விசிலை விட்டுவிட்டு, பேசிக்கொண்டே வந்து சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர்ப் போத்தலை முன்னால் வீசினாள். பூச்சியம். மழையில் ஓட்டச் சொன்னாள். பூச்சியம். கால் ஒவ்வொரு முறையும் தரையை மிதித்து, காரைத் தான்தான் நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொள்ளட்டும். வீட்டிலும் அப்படித்தானே, நான்தான் குடும்பத்தை நடத்துவதாக நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஜே.பி.ஜே. டெஸ்ட் என் பழைய திடலிலேயே வந்தது. அங்கே என்னோடு வேலை செய்தவர்கள், அவர்களிடம் படிக்க வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள், எல்லோரும் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். லீவர் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. எது நடக்கக் கூடாது என்று நான் ஒரு பெடலை ஒளித்து வைத்து ஒரு கேட்டை உடைத்தேனோ, அது நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் போனில் படம்கூட எடுத்தான். எடுத்துக்கொள்ளடா, முழுசாக எடு என்று மலையேறினேன். உச்சியில் நின்றேன். ஒரு அங்குலமும் பின்னால் உருளவில்லை. இதை ஷாமினிக்கு வாய்ஸ் மெசேஜில் மூன்று தடவை சொன்னேன்.

பாஸ் ஆன சேதியைக் கலாவிடம் சொன்னபோது அவள் கண் கலங்கியது. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். திரும்பி வந்ததும், "அப்ப திங்கக்கிழமை ஸ்டேஷன்ல விடட்டுமா?" என்று கேட்டேன்.

"இருங்க, அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

அடுப்பில் பால் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போனாள். செவ்வாய், புதன், எல்லா நாளும். வற்புறுத்துவதில்லை என்று நான் போட்ட சட்டம் எனக்கே தொண்டையில் மாட்டிக்கொண்டது. நான் தனியாக ஓட்டினேன். காலையில் கவுண்டர் வேலைக்கு, சாயங்காலம் காப்பார் பக்கம் ஒரு சுற்று, ஒருநாள் செலாயாங் வரைக்கும் போய்ச் சந்தையில் காய்கறி வாங்கி வந்தேன். வாங்கிய கத்திரிக்காயைப் பற்றிப் பேசினாள். போய் வந்த வழியைப் பற்றிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள். சொல்லாமல் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினேன். அந்த ஒருவழிப் பாதைகளில் இரண்டு தடவை சுற்றி, பூக்கடைகளைத் தாண்டி, தையல் கடைக்கு எதிரே காரை நிறுத்தியபோது மணி ஒன்றரை. வானம் கறுத்திருந்தது. கலா கடையிலிருந்து வெளியே வந்து குடையை விரிக்கப் போனவள், காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கடையில் கூட வேலை செய்யும் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

கண்ணாடியை இறக்கினேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் வானத்தைப் பார்த்தாள். "மழ வர்ற மாதிரி இருக்கு," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து ஏறினாள். பெல்ட் போட்டாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

ஃபெடரல் ஹைவேயில் மழை பிடித்துக்கொண்டது. அவள் ஒரு கையால் மேலே கைப்பிடியைப் பற்றியிருந்தாள். ஷா ஆலம் தாண்டியதும், முன்னால் போன லோரி திடீரென்று பிரேக் போட்டது. அதே நொடியில் இடப்பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் எனக்கும் லோரிக்கும் நடுவே நுழைந்தது. தொம். கால் தரையில் விழுந்தது. கை தள்ளியது. கார் கொஞ்சம் முன்னால் குனிந்து, நேராக, வழுக்காமல் நின்றது. மோட்டார்காரன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனான். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். லீவரில் இருந்து கையை எடுக்காமல் அப்படியே இருந்தேன்.

ரோடு நெரிசலாகி, நத்தை மாதிரி ஊர்ந்தோம். இனி வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது.

"கலா, ஒரு கேள்வி. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு போதும். கோப்பி, இட்டிலி, பால் எதுவும் நடுவுல வரக் கூடாது. என்கூட வர்றதுக்கு உனக்கு பயமா இருக்கா?"

வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது.

"ஆமா," என்றாள்.

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பயம்தான். இப்பன்னு இல்ல. ரெண்டு காலு இருந்தப்ப ஒரு கையில ஓட்டுவீங்க. இன்னொரு கையில போன். ஊர்ல போறவன் எல்லாருக்கும் வண்டி ஓட்டத் தெரியலன்னு திட்டிக்கிட்டே என்னப் பாத்துப் பேசுவீங்க, ரோட்டப் பாக்க மாட்டீங்க. வாத்தியார்கிட்ட எப்படிச் சொல்றது? ஸ்டேஷன் போய்ச் சேர்ற வரைக்கும் முருகா முருகான்னுட்டு வருவேன். ஒங்க கால் போனப்புறம் நடந்து போனேன்ல, என் கால்தான் வலிச்சிச்சு, நெஞ்சு அடிச்சுக்கல. அதான் வரல. ஒங்க காலுக்காக இல்ல."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு. கண்ணு ரோட்டுல இருக்கு. அந்த மோட்டார்காரன நான் பாக்கறதுக்கு முன்னாடி நீங்க பாத்துட்டீங்க." கைப்பிடியை விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள். "பயம் இருக்கு, ஆனா கம்மி. திங்கக்கிழம நான் வரேன். ஆறரைக்கு. அஞ்சு நிமிஷம் லேட் பண்ணாலும் நடந்து போயிடுவேன்."